ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி

லிஃப்ட்காரர் என்றால்தான் அவரை அந்த வட்டாரத்தில் தெரியும். பதினோரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. மாதம் தவறாமல் வந்து, மேலே ஏறி, கம்பிவடத்தை விரலால் தடவிப் பார்த்து, உள்ளே மாட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். வடத்தை மாற்றச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்தால், "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு?" என்று இழுப்பார்கள் கட்டடத்துக்காரர்கள்.

"அறுந்ததுக்கு அப்புறம் என்னைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்பார். வேலையில் அவ்வளவு கறார்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருகிறவர்களை உட்கார வைத்து, முகத்துக்கு ஏற்ற சட்டம் எடுத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரி. வாய் நீளம். முப்பத்துமூன்று வயதில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துபோய், வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனைக் கட்டிலில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு கிடந்தாள். வரன் பார்ப்பது நின்றுபோயிற்று. இரண்டு வருடம் அந்தக் கண்றாவியைப் பார்த்துவிட்டு, அண்ணன் தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். பொருந்தியது. அதற்குப் பிறகு அவள் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அந்தச் சிறுநீரகத்துக்கு அவள் வைத்த பெயர் குடித்தனக்காரர். பரிசோதனை முடிந்து ஒவ்வொரு முறை வீட்டுக்கு வரும்போதும், "அண்ணா, உன் குடித்தனக்காரர் சௌக்கியம். நேரத்துக்குத் தண்ணி காட்டினா போதுமாம், ஒரு வம்பு கிடையாது" என்பாள். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

தண்ணீர்தான் முக்கியம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். உடம்பு புது உறுப்பை எதிர்க்காமல் இருக்க அவள் சாப்பிடும் மாத்திரைகள், கிருமிகளோடு சண்டை போடும் சக்தியையும் குறைத்துவிடும். மற்றவர்களுக்கு ஒரு வேளை வயிற்றுவலியோடு போவது அவளைப் படுக்கையில் தள்ளிவிடும். அதனால்தான் லிஃப்ட்காரர் விசாரித்து, நல்ல ஃபில்டர் ஒன்றை வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டினார்.

மாட்ட வந்த ஃபில்டர்காரர் ஐம்பது வயது மனிதர். தடித்த கண்ணாடி. ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார்: முதலில் இருக்கும் பஞ்சுத் திரி மூன்று மாதம், கரி அடைத்த குழாய் ஆறு மாதம். கடைசியில் கிருமியைக் கொல்லும் நீல விளக்கு. "இது வருஷத்துக்கு ஒண்ணு சார். எரிஞ்சுக்கிட்டிருந்தாலும் கழட்டிடணும். வெளிச்சம் இருக்கும், கிருமியைக் கொல்ற சக்தி போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது." எப்போது எது மாற்றினார்கள் என்று எழுத ஓர் அட்டையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டார்.

இரண்டு வருடம் எல்லாம் சொன்னபடி நடந்தது. மூன்றாவது வருடம் லிஃப்ட்காரருக்கு மூன்று பெரிய கட்டடங்கள் கூடுதலாக வந்து சேர்ந்தன. ஃபில்டர்காரர் போன் செய்தபோது அவர் ஏதோ ஒரு லிஃப்டின் மண்டைமேல் நின்றுகொண்டிருந்தார். "வர்ற வாரம் வாங்க" என்றார். அடுத்த மூன்று முறையும் வர்ற வாரம்தான். அதற்குப் பிறகு அந்த மனிதரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

ஒரு நாள் மனைவி, "ஏங்க, ஃபில்டர்ல தண்ணி நூல் மாதிரி வருது" என்றாள். அவரே ஸ்பேனரைப் போட்டுக் கழற்றி, பழுப்பேறியிருந்த பஞ்சுத் திரியைக் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி மாட்டினார். தண்ணீர் பழையபடி கொட்டியது. "பாத்துட்டேன், சரியாயிடுச்சு" என்றார். வீட்டில் மெஷின் சமாச்சாரம் எல்லாம் அவர் பாடு. மனைவி அதற்குமேல் கேட்கவில்லை.

தங்கை மட்டும் ஒரு தடவை கேட்டாள். டம்ளரைப் பிடித்தபடி, "அண்ணா, அந்த விளக்கை மாத்தணும்னு சொன்னாங்கல்ல?"

அவர் அண்ணாந்து பார்த்தார். மூடியின் இடுக்கில் நீலமாகத் தெரிந்தது. "எரியுதே, அப்புறம் என்ன?"

"அதானே" என்று சொல்லிவிட்டு அவள் குடித்தாள்.

மழைக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரம் வீட்டில் எல்லோருக்கும் வயிறு கெட்டது. அவருக்கும் மனைவிக்கும் ஒன்றரை நாளில் சரியாகிவிட்டது. தங்கைக்கு நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை எழுந்து நிற்க முயன்றவள் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்த அழுத்தம் கீழே கிடந்தது, காய்ச்சல் கொதித்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கிருமியோடு உடம்பு போராட வேண்டுமானால் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகளைக் குறைக்க வேண்டும். குறைத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. "இப்ப உயிர்தான் முக்கியம்" என்றார் டாக்டர்.

அதே மூச்சில் அவர் கேட்டார்: "வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறாங்க?"

"ஃபில்டர் தண்ணிதான் டாக்டர்."

"கடைசியா எப்ப எல்லாம் மாத்தினீங்க?"

லிஃப்டைப் பற்றி யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவர் எப்படிப் பதில் சொல்வார் என்று அவருக்கே தெரியும். அட்டையைப் பார்த்துச் சொல்கிறேன் என்பார். இப்போதோ, "ஆறு மாசத்துக்கு முன்னாடி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டார். நர்ஸ் ஒரு சிறு பாட்டிலைக் கொடுத்து, வீட்டுத் தண்ணீரைப் பிடித்துவரச் சொன்னாள். பரிசோதிக்க வேண்டுமாம்.

மனைவியைத் தங்கையின் அருகில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். ஃபில்டரின் மூடியைக் கழற்றினார். கரிக்குழாயின் வாயில் விரலை விட்டால் வழவழவென்று ஒட்டியது. தண்ணீர் தேங்கும் சின்னத் தொட்டியின் சுவரெல்லாம் பாசி மாதிரி ஒரு படலம். அட்டையைப் புரட்டினார். விளக்கு மாற்றி இருபத்தொரு மாதம் ஆகியிருந்தது. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பாட்டிலைத் திறந்து அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் டாக்டரின் முகம் வந்தது, மனைவியின் முகம் வந்தது, "அதானே" என்று சொன்னவளின் முகமும் வந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் அவள் பிழைத்து வரட்டும் என்று நினைத்தார். வந்தால் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டாமா என்றும் ஒரு நியாயம் கிடைத்தது. ஃபில்டர்காரருக்குப் போன் போட்டார்.

அந்த மனிதர் இரண்டு மணி நேரத்தில் வந்து எல்லாவற்றையும் மாற்றினார். தொட்டியை மருந்து விட்டுக் கழுவினார். பழைய விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சும்மா அலங்காரத்துக்கு எரிஞ்சிருக்கு சார்" என்றார். அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"தேதி... ஆறு மாசத்துக்கு முன்னாடி போடுங்க."

ஃபில்டர்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதுக்கு சார்?"

"வீட்டுல திட்டுவாங்க. போடுங்க."

அவர் போட்டார். லிஃப்ட்காரர் தன் பிழைப்பில் இருபது வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியம் அது. பழைய திரி, குழாய், விளக்கு எல்லாம் ஒரு பையில் கட்டித் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போயின. பாட்டிலில் புதுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அவர் மருத்துவமனைக்குத் திரும்பினார்.

தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை வந்தது.

தங்கை பிழைத்தாள். சிறுநீரகம் பிழைக்கவில்லை. மூன்று வாரம் இழுத்துப் பார்த்துவிட்டு, இனி பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். பழையபடி வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம், மெஷின். மூன்று லிட்டர் குடித்தவளுக்கு இனி ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான்.

டாக்டர் அவளைத் துருவித் துருவி விசாரித்திருந்தார். தண்ணீரில் கோளாறு இல்லையென்றால் வாய்வழியாக வேறு என்ன போயிருக்கும்? கடையில் என்ன சாப்பிட்டாய், யார் கொடுத்தார்கள்? யோசித்து யோசித்து அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். நோய் வருவதற்கு நான்கு நாள் முன்பு, கண்ணாடிக் கடையில் யாரோ பிறந்தநாள் என்று தர்பூசணி வெட்டி வந்திருந்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தாள். அவளிடமிருந்துதான் வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் தொற்றியிருக்கும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கட்டில் ஓரத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, என்னை மன்னிச்சிடு."

"எதுக்குமா?"

"வெளியில வெட்டின பழம் சாப்பிடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. ரெண்டே துண்டு, நாக்கை அடக்க முடியல. உன் வயித்தைக் கிழிச்சு எடுத்துக் குடுத்ததை ஒரு பழத்துக்கு வித்துட்டேன்."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் இல்ல, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அவள் அழுவது கதவைத் தாண்டிக் கேட்டது.

ஒன்பது நாள் தாங்கினார். பத்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, மனைவியும் தங்கையும் இருக்கும்போதே, உடைத்துச் சொன்னார். இருபத்தொரு மாதம், கழுவி மாட்டிய திரி, வழவழப்பு, புதுத் தண்ணீர், பொய்த் தேதி, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லிமுடித்ததும் தங்கை கத்துவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தார். எறிந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைத் தொட்டாள். "நீ இப்படி ஏதாவது சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

"நிஜமாத்தான் சொல்றேன்!"

"நான் அழறதைப் பார்க்க முடியாம நீ கட்டுற கதை. எனக்கு உன்னைத் தெரியாதா? ஊரான் வீட்டு லிஃப்டையே நாள் தவற விடமாட்டே. என் தண்ணியை விட்டுருவியா?" எழுந்துபோய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு விளக்கைப் பத்தி நான் கேட்டேன்ல, அதுக்கப்புறம் மாத்திட்டே. இதோ தேதி. தண்ணி ரிப்போர்ட்டும் இருக்கு."

மனைவி மட்டும் அவர் சொன்னதை நம்பினாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். மறுநாள் அவளும் தங்கையிடம் போய், "உங்கண்ணன் சொல்றது நெஜம்டி" என்று சொல்லிப் பார்த்தாள். "நீங்களும் சேர்ந்துக்கிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டு அவள் சிரித்தாளாம்.

ஃபில்டர்காரரைத் தேடிப் போனார் லிஃப்ட்காரர். ஒரு தடவை வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னால் போதும் என்று கெஞ்சினார். அந்த மனிதர் கடை வாசலில் நின்றபடி தலையை ஆட்டினார்.

"சார், தேதி மாத்தி எழுதினேன்னு என் வாயால சொன்னா நாளைக்கே வேலை போயிடும். நான் நாலு தடவை போன் பண்ணினேன். நீங்கதான் வர்ற வாரம், வர்ற வாரம்னீங்க. இப்ப என்னை எதுக்கு இழுக்கறீங்க?"

லிஃப்ட்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக வீடு திரும்பினார்.

நான்கு மாதம் கழித்து, இறந்தவர்கள் தானமாகக் கொடுக்கும் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்க்க மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். பொறுப்பிலிருந்த அம்மாள் படிவத்தைத் தங்கையின் பக்கம் தள்ளினாள். அவள் அதைத் தொடவில்லை.

"வேண்டாங்க. ஒருத்தர் குடுத்ததைக் காப்பாத்த எனக்குத் துப்பில்ல. இன்னொரு வீட்டுல அழுதுக்கிட்டே குடுக்கறதை எப்படி வாங்கிக்கிறது? பத்திரமா வச்சுக்கிறவங்களுக்குக் குடுங்க."

"அவ மேல தப்பே இல்லம்மா!" லிஃப்ட்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான்தான். ஃபில்டரை மாத்தாம விட்டேன். உங்க டாக்டர்கிட்டே பொய் சொன்னேன். சுத்தமான தண்ணியைப் பிடிச்சுக் குடுத்து ஏமாத்தினேன். எழுதிக்குங்க!"

அந்த அம்மாள் கோப்பைப் புரட்டினாள். அறிக்கை இருந்த பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி, அவரைப் பரிவோடு பார்த்தாள். "உட்காருங்க சார். குடுத்தவங்களுக்கு இந்த மாதிரி வர்றது சகஜம்தான். எல்லாத்தையும் தன் மேல போட்டுக்குவாங்க. உங்களுக்கும் மனசுக்குப் பாக்கிற டாக்டர் யார்கிட்டயாவது பேசினா நல்லாயிருக்கும். நான் எழுதித் தரட்டுமா?"

"எழுதிக் குடுங்க மேடம்" என்றாள் தங்கை. "வீட்டுல சரியாத் தூங்கறதே இல்ல."

படிவம் கையெழுத்தில்லாமல் கோப்புக்குள் போனது. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். அவள் மனசு மாறவில்லை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டாள். கணுக்கால்கள் வீங்கியிருக்கின்றன, கையில் ஊசி குத்த இடம் தேட வேண்டியிருக்கிறது. அந்த வாயும் சுத்தமாகக் குறைந்துவிட்டது. அண்ணன்தான் வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார். போகிற வழியில், சிக்னலில் நிற்கும்போது, இன்னமும் சில நாள் அவர் ஆரம்பிப்பார்: "தர்பூசணி இல்லம்மா, நம்பு. அந்தத் தண்ணிதான். நான்தான்."

பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவர் முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுக்கிறாள். "சரிண்ணா, விடு. பச்சை விழுந்துடுச்சு, போ."