அக்காவின் கணினி வாய் மூடிய வாரம்

கைபேசி, கணினி, மென்பொருள் பற்றிய செய்திகளுக்கு வாராவாரம் இணையத்தில் கருத்து எழுதுவது என் வேலை. செய்தியை அப்படியே சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள், யாரையாவது நான் நார்நாராகக் கிழிப்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்கள் எனக்கு வைத்த பெயர் கத்தரி. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு என்பதை மறைப்பானேன்.

என் முதல் வாசகி அக்கா. ஏழு வருடத்துக்கு முன் அவளுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வக்கீல் ஒலிப்பதிவில் சொல்லும் கடிதங்களைக் கேட்டு அடிப்பாள். அடித்ததைக் கணினி அவளுக்குப் படித்துக் காட்டும். தப்பிருந்தால் திருத்துவாள். அவளைப்போல் பிழையில்லாமல் அடிக்க அங்கே வேறு ஆள் கிடையாது.

படித்துக் காட்டும் அந்த மென்பொருள் இலவசம். அது எழுதப்பட்டிருக்கும் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து வந்தது ஒரே ஒருவர்தான். வேறெங்கோ வேலை செய்துவிட்டு மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறவர். இணையத்தில் அவர் பெயர் ஆந்தை. படிக்கும் குரலையும் அக்கா அதே பெயரில்தான் சொல்லுவாள்.

"உன்னைவிட ஆந்தைக்குப் பொறுமை அதிகம்டா" என்பாள் அக்கா. "எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்காம படிக்குது."

போன வாரம், கணினிகளை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் புதிதாக வந்தது. பெரிய நிறுவனம், பெரிய விளம்பரம். முதல் ஆளாக அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. என் கணினி பழையது, அதில் ஏறாது. அக்கா தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் மடிக்கணினியில் ஏறும்.

"ஆந்தையோட பக்கத்துல பாத்தியா? புதுசு போட்டா ஒத்துக்குமாமா?" என்று அக்கா கேட்டாள்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றேன். பார்க்கவில்லை. பொத்தானை அழுத்திவிட்டேன்.

கணினி திரும்ப எழுந்தது. திரை பளபளவென்று இருந்தது. குரல் மட்டும் வரவில்லை. அக்கா விசைகளைத் தட்டினாள், காதைச் சாய்த்துக் கேட்டாள், மறுபடி தட்டினாள். பழையபடி மாற்றப் பார்த்தேன், அதற்கு நிறுவனம் வழியே வைக்கவில்லை. அக்கா அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னாள். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று வக்கீல் தன்மையாகத்தான் சொன்னார்.

என் மேல் எனக்கு வந்த எரிச்சலை அப்படியே ஆந்தையின் மேல் கொட்டினேன். 'இலவசம் என்ற போர்வைக்குள் தூங்கும் ஆந்தை' என்று தலைப்பு. பார்வையற்றவர்களை நட்டாற்றில் விட்ட பொறுப்பில்லாத ஆள் என்று எழுதினேன். எந்தக் கணினியில், யார் அழுத்தினார்கள் என்று எழுதவில்லை. நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்த கட்டுரை அதுதான்.

ஞாயிறு மதியம் அக்கா சமையலறை மேஜையில் ஊமைக் கணினியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆந்தை ஏதோ எழுதியிருக்காராமே. படி, கேக்கலாம்."

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சுருக்கமாகத்தான் இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

"'பதினோரு வருடமாக இதைச் செய்தேன். புதிய இயங்குதளத்தில் குரல் வராது என்று நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினேன். பதில் இல்லை. சரிசெய்யும் வேலையில் பாதி முடித்திருந்தேன். இனி என்னால் முடியாது. மூலநிரல் இங்கேயே இருக்கும், விருப்பமுள்ளவர் எடுத்து நடத்தலாம். மன்னிக்கவும்.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அக்காவின் விரல்கள் விசைகளின் மேல் சும்மா ஊர்ந்துகொண்டிருந்தன.

"காலையில ஆபீஸ் தோழி போன்ல படிச்சுக் காட்டிட்டா" என்றாள். "உன் கட்டுரையையும் சேர்த்து."

திறந்திருந்த பக்கத்தை மூடப் போனேன்.

"ஏழு வருஷமா அந்தக் குரல் எனக்குப் படிக்குது. ஒரு வரி விட்டதில்ல. நீ முதல் நாளே விட்டுட்ட." குரலை உயர்த்தவில்லை. "மேலேர்ந்து படி."

படித்தேன். இந்த முறை, முதலில் நான் விட்ட வரிகளையும் சேர்த்துப் படித்தேன். "'புது இயங்குதளம் வந்தாலும் புதுப்பிக்க வேண்டாம் என்று இந்தப் பக்கத்தின் உச்சியிலேயே ஒரு மாதமாகச் சிவப்பில் எழுதி வைத்திருந்தேன். இந்த வாரம் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்த முன்னூறு பேர் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். சிலதை என் மகள் படித்துவிட்டாள். அப்பா, நீங்க கண்ணு தெரியாதவங்களை ஏமாத்தினீங்களா என்று கேட்டாள்.'"

அங்கேயே நிறுத்தினேன். அவமானமாக இருந்தது. அக்கா காத்திருந்தாள். மீதியையும் படித்து முடித்தேன்.

"பாத்தாச்சுன்னு சொன்னியே" என்றாள்.

"பாக்கலக்கா."

"அழுத்தினது நீதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எழுது. அவருக்கு மட்டும் இல்ல, கட்டுரை போட்ட அதே இடத்துல. அந்தப் பொண்ணு படிக்கிற மாதிரி."

"அவர் திரும்ப வருவாரான்னு தெரியலக்கா."

"வரலன்னாலும் எழுது."

"நாளைக்கு உன் ஆபீஸ்?"

"போவேன். போய் அடிப்பேன். தப்பு இருக்கான்னு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கிழிக்க வரும் வேகத்தில் கால்வாசிகூட வரவில்லை. முதல் வரியை நாலு தடவை அழித்தேன். ஒரு வழியாக முடித்து, படிக்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"படி" என்றாள். "அப்புறம் தோழிக்கும் அனுப்பு. நீ படிச்சது சரியான்னு அவகிட்ட ஒரு தடவை கேட்டுக்கறேன்."