விட்டால் எது விழும்

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. பாடாங் செராயில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த தன்முனைப்பு ஊக்க முகாமில் நாற்பத்திரண்டு பேர் கலந்துகொண்டார்கள்.

பேச்சாளர் கிருபாநந்தன் அலோர் ஸ்டாரிலிருந்து வந்திருந்தார். பதினொரு ஆண்டுகளாக அவர் எல்லா முகாமிலும் கொடுப்பது ஒரே தாள்தான். இடப்பக்கம் ‘என் குறிக்கோள்கள்’, வலப்பக்கம் ‘என் விழுமியங்கள்’. எழுதி முடித்ததும் இரண்டையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். “எந்தக் குறிக்கோளுக்குக் கோடு போட முடியவில்லையோ, அது உங்களுடையதில்லை. பக்கத்து வீட்டுக்காரருடையது” என்பார். மண்டபம் சிரிக்கும். வலப்பக்கத்தில் எல்லாரும் நேர்மை, உழைப்பு, குடும்பம் என்று எழுதுவார்கள்.

அன்றும் தாள்களை வாங்கி, பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு தாளில் நின்றுவிட்டார். இடப்பக்கம் ஒரே சொல்: சூப்பர்வைசர். வலப்பக்கம்: திங்கள், புதன், வெள்ளி. நடுவில் கோடு இல்லை.

“இது யாருடையது?”

மூன்றாம் வரிசையில், வெளுத்துப்போன கம்பெனி டீசட்டையோடு ஒரு பெண் எழுந்தார். “என்னோடது ஸார். இராசாத்தி. கிளவ்ஸ் பேக்டரியில வேல.”

“விழுமியத்தை எழுதச் சொன்னேன். நீங்க கிழமையை எழுதியிருக்கீங்களே அம்மா?”

“அந்த மூணு நாளும் அக்காவுக்கு விரதம் ஸார்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபம் கொல்லென்று சிரித்தது. இராசாத்தியும் சிரித்தார்.

“பக்கத்துல கேட்டேன் ஸார், யாருக்கும் அந்த வார்த்த தெரியல. தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுறாங்க லா, அவ்வளவுதான். சரி, நாம விட்டா எது விழுமோ அதுதான் விழுமியம்னு நெனச்சி எழுதிட்டேன். தப்பா?”

விழுமியத்துக்குக் கிருபாநந்தனிடம் அழகான விளக்கம் ஒன்று உண்டு. படத்தோடு திரையில் வரும். அன்று அதைத் திரையில் போடாமல் கேட்டார்:

“அந்த மூன்று நாளில் என்ன விழும்?”

“பிச்சை அண்ணனும் பாப்பம்மா அக்காவும். டயாலிசிஸ் ஸார்.”

கிருபாநந்தன் அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபடி மீதியைக் கேட்டுக்கொண்டார். இராசாத்திக்கு மூன்று மணியிலிருந்து பதினொரு மணி வரை ஷிஃப்ட். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஐந்தரைக்கு எஸ்டேட் வீடுகளிலிருந்து இரண்டு பேரையும் தன் காடியில் ஏற்றிக் கூலிம் நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார். இரத்தச் சுத்திகரிப்பு நடக்கும் நான்கு மணி நேரமும் காத்திருந்து திரும்ப அழைத்து வருகிறார். இரண்டு பேருடைய பிள்ளைகளும் பினாங்கிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கிறார்கள். இப்போது, பேக்டரியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, சூப்பர்வைசர் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. காலை ஏழு மணி ஷிஃப்ட். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“யாராவது வேற ஆளுக்குச் சொல்லிவைக்கலாமே” என்றார் கிருபாநந்தன்.

“யாரு? சொல்லுங்க ஸார், இப்பவே சாவியக் குடுத்துர்றேன். வாடகை காடிக்காரன் எஸ்டேட்டு ரோட்டுக்குள்ள வரமாட்டேங்கிறான்.”

“அந்த வேலை உங்களுக்கு வேணாமா?”

“வேணாம்னா எதுக்கு எழுதறேன்?” அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எங்கிட்ட வேல கத்துக்கிட்டதுங்க ரெண்டு பேரு சூப்பர்வைசர் ஆயி நீலச் சட்ட போட்டாச்சு. எனக்கும் அந்தச் சட்ட வேணும் ஸார்.”

திங்கட்கிழமை கிருபாநந்தனுக்குக் கூலிமில் ஒரு வேலையும் இல்லை. இருக்கிறது என்று மனைவி திலகத்திடம் சொல்லிவிட்டுப் போனார். சுத்திகரிப்பு நிலையத்தின் பின்னால், மர நிழலில், பழைய ‘கஞ்சில்’ கார் ஒன்றின் கதவைத் திறந்துபோட்டு இராசாத்தி நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் இரண்டு தலையணை, ஒரு போர்வை. இரண்டு தண்ணீர் பாட்டில்களிலும் பேக்டரி மார்க்கரால் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு மேல் பிச்சையும் பாப்பம்மாவும் ஒரு நாளைக்குக் குடிக்கக் கூடாது.

பத்தே முக்காலுக்கு இருவரும் வந்தார்கள். பாப்பம்மா ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். பிச்சை கையில் பிளாஸ்டரை அழுத்திப் பிடித்தபடி நின்றார்.

“தங்கச்சி, நீ அந்த நீலச் சட்டய வாங்கிக்க. நான் ரெண்டு வாரம் வராட்டி என்னா, செத்தா போயிருவேன்?”

“செத்துத்தான் போவீங்க. டாக்டரு பின்ன என்னா கதையா சொன்னாரு? வாய மூடிக்கிட்டு பெல்ட்டப் போடுங்கண்ணே.”

பிச்சை ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். “பாத்தீங்களா ஸார்? சூப்பர்வைசர் ஆகறதுக்கு முன்னாடியே இந்த அதட்டலு.”

உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று காட்டும் எடைச் சீட்டை இராசாத்தி இருவரிடமும் வாங்கிப் பார்த்தார். பிச்சையினுடையதை இரண்டாம் முறை பார்த்துவிட்டு, “நேத்து யாரு வீட்ல மோர் குடிச்சீங்க?” என்றார். பிச்சை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காடி போன பிறகும் கிருபாநந்தன் அங்கேயே நின்றார். தியாகம் என்ற சொல்லை மேடையில் நூறு முறையாவது சொல்லியிருப்பார். அந்தப் பெண் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. பதினொரு ஆண்டில் அந்தத் தாளைத் தாம் ஒருமுறையும் நிரப்பிப் பார்த்ததில்லை என்பது வீடு திரும்பும் வழியில் உறைத்தது. அன்று சாயங்காலம் ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். இடப்பக்கம் மளமளவென்று நிறைந்தது. வலப்பக்கத்தில், தாம் விட்டால் எது விழும் என்று யோசித்து, நெடுநேரத்துக்குப் பின் ஒரே ஒரு பெயரை எழுதினார்: திலகம். இடப்பக்கத்தில் எதிலிருந்தும் அந்தப் பெயருக்குக் கோடு போகவில்லை.

வியாழக்கிழமை இராசாத்தி நிர்வாகத்துக்கு மலாயில் தாமே கடிதம் எழுதினார். பதவியை ஏற்கத் தயார், ஆனால் மூன்று மணி ஷிஃப்டில் மட்டும். அந்த ஷிஃப்டில் காலியிடம் இல்லை என்று பதில் வந்தது. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட மூன்றாவது பெண் காஞ்சனா, சூப்பர்வைசர் ஆனார்.

அடுத்த முகாமுக்கு அச்சடித்த தாளில் கிருபாநந்தன் வலப்பக்கத் தலைப்பை ‘நான் விட்டால் எது விழும்?’ என்று மாற்றினார்.

செப்டம்பர் 4, திங்கட்கிழமை, காலை ஐந்தரைக்கு இராசாத்தியின் காடி இரண்டு பேரோடு கூலிமுக்குப் புறப்பட்டது.