காதுக்குள்ள மாமியார்

"ஏய், ஒழுங்கா கனெக்ட் ஆகுறியா, இல்ல ஜன்னல் வழியா போறியா?"

நான் கேட்டது மனுஷங்ககிட்ட இல்ல, உள்ளங்கையில கிடந்த இயர்பட்ஸ்கிட்ட. எனக்குக் கோபம் வந்தா முதல்ல திட்டு வாங்குறது பொருள்கள்தான்.

கோபம் வராம என்ன செய்யும்? இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு ஆன்லைன்ல டெஸ்ட். ஆஸ்பத்திரிகளுக்கு ஃபோன்லயே மொழிபெயர்க்கிற வேலை. நோயாளி சொல்றத டாக்டருக்கும், டாக்டர் சொல்றத நோயாளிக்கும் அந்த நிமிஷமே மாத்திச் சொல்லணும். லேட்டா வந்தா உள்ள விட மாட்டாங்க. லேப்டாப் ஸ்பீக்கர் எப்பவோ செத்துப் போச்சு. ஒயர் சொருகுற ஓட்டைக்குள்ள பழைய ஒயரோட முனை உடைஞ்சு உக்காந்திருக்கு. இந்த ரெண்டு குட்டிப்பிசாசுங்களை விட்டா எனக்கு வேற கதி இல்ல.

இதுக்காகத்தான் பேங்க் கவுன்டர் வேலைய விட்டேன். எங்கம்மாவுக்கு அது ஆறவே இல்ல. "கையில இருக்கிறத கீழ போட்டுட்டு காத்தப் புடிக்கப் போறா"ன்னு சொன்னவ, அதோட என்கிட்ட பேச்ச நிறுத்திட்டா. நான் மட்டும் என்ன இளைச்சவளா? நானும் நிறுத்திட்டேன்.

இயர்பட்ஸ காதுல மாட்டினா, ஒரு பொம்பளக் குரல் தேன் ஒழுக "கனெக்டட்"னு சொல்லுது. லேப்டாப்ல பாத்தா ஒண்ணயும் காணோம். "யாரோடடி கனெக்டட்?"னு பட்டனை அழுத்திப் புடிச்சேன். விளக்கு மினுக்கிச்சு, பக்கத்துல என்னென்ன இருக்குன்னு லேப்டாப் காட்டிச்சு. யார் வீட்டு டிவியோ, யார் வீட்டு பிரிண்டரோ, அப்புறம் 'மாமியார்'னு ஒண்ணு. எந்த வீட்டு மருமகனோ, குசும்பு புடிச்சவன்! டப்பா மேல போட்டிருக்கிற பேரைத்தான் நான் தேடினேன், அது வரவே இல்ல.

ஜன்னல்ல தலைய நீட்டினேன். கீழ என் வீட்டுக்காரர் வேனைக் கழுவிட்டிருந்தார். வாஷிங் மெஷின் ரிப்பேர்தான் அவர் தொழில்.

"ஏங்க, இது சேர மாட்டேங்குது!"

"டப்பாக்குள்ள போட்டு மறுபடி எடும்மா! எல்லா மெஷினுக்கும் அதான் வைத்தியம்!"

போட்டேன், எடுத்தேன், மாட்டினேன். "கனெக்டட்." உன் கனெக்டட்ல தீய வைக்கன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள, காதுக்குள்ள ஒரு குரல்.

"மாப்பிள்ளை, நான்தான். அவ பக்கத்துல இருந்தா பேச வேணாம், 'உம்' மட்டும் கொட்டுங்க."

தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்கம்மா! அதே நேரம் கீழ இவர் ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு கத்துறார்: "ஹலோ! அத்தை! ஒண்ணுமே கேக்கல!"

எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. இயர்பட்ஸ் இவர் ஃபோனோட ஒட்டிக்கிட்டிருக்கு. உடனே சொல்லியிருக்கணும். ஆனா என் வாயிலேருந்து வந்தது "உம்".

"இன்னைக்குத்தானே அவளுக்குப் பரீட்சை? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ரெண்டு தடவை பாலைப் பொங்க விட்டுட்டேன். அவ வாயாடி மாப்பிள்ளை. சின்னதுலயே நாலு பேர் பேசுறதைக் கேட்டு நாலு பேர் மாதிரியும் பேசிக் காட்டுவா. அவளுக்கு வராம வேற யாருக்கு வரும்? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, தலைக்கனம் ஏறிடும். என்ன மூக்கை உறிஞ்சுறீங்க, ஜலதோஷமா?"

"அம்மா, நான்தான்மா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழ விழுந்து உருண்டுச்சு.

"நீயா? பரீட்சை முடிஞ்சுதா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. காதுல மாட்டுறது லேப்டாப்போட சேராம அவர் ஃபோனைப் புடிச்சுத் தொங்குது."

"அறிவு கெட்டவளே! அப்புறம் என்கிட்ட என்ன கதை? வை ஃபோனை!"

ஜன்னலுக்கு ஓடினேன். "ஏங்க! ஃபோன்ல ப்ளூடூத்த அணைங்க!"

சோப்பு நுரையும் கையுமா இவர் முழிச்சார். "அட ஆமா, நேத்து மேட்ச் கேக்க மாட்டினேன். பேர்கூட மாத்தி வச்சேனே!"

"என்ன பேரு?"

அவர் வேன் டயரைப் பாத்தார். "காதுக்குள்ளயே பேசிட்டிருக்கும்ல... அதான்... மாமியார்னு..."

"உங்களை அப்புறம் கவனிச்சுக்கிறேன்!"

அவர் ப்ளூடூத்த அணைச்சதும் மறுபடி பட்டனை அழுத்தினேன், லேப்டாப்ல 'மாமியார்' மேல ஒரு தட்டு தட்டினேன். சேந்துடுச்சு! குதிச்ச குதியில நாற்காலி பின்னால சாஞ்சுது. திரையில டெஸ்ட் பக்கம் திறந்து, "நான் பேசுறது கேக்குதா?"ன்னு ஒருத்தர் கேட்டார். கேக்குதாவா? என் வாழ்க்கையில அவ்வளவு நல்லா எதுவுமே கேட்டதில்ல!

பேசினேன். டாக்டரா பேசினேன், வயித்து வலிக்காரரா பேசினேன், பதறிப் போன பொண்டாட்டியா பேசினேன். முடிஞ்ச கையோட திரையில 'தேர்ச்சி'ன்னு வந்துச்சு. நான் போட்ட கூச்சல்ல இவர் ஈரக்காலோட மாடி ஏறி ஓடி வந்தார்.

அவர் ஃபோனைப் புடுங்கி அம்மாவுக்குப் போட்டேன்.

"இரு, அடுப்பை அணைச்சுட்டு வரேன்," அப்படின்னா. வந்தா. "ம், இப்பச் சொல்லு."

"பாஸும்மா!"

பெருமூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் விறைப்பா, "ஃபோனை மாப்பிள்ளைகிட்ட குடு," அப்படின்னா.

குடுத்தேன். அவர் என் முகத்தைப் பாத்தார். லேப்டாப்பை மூடிட்டு, ஃபோன்ல ப்ளூடூத்தைப் போட்டுவிட்டார். நான் காதுல மாட்டிக்கிட்டேன்.

"நான் அப்பவே சொல்லல மாப்பிள்ளை? அவ என் பொண்ணு!"

"உம்."

"இன்னும் உங்களுக்கு ஜலதோஷம் போகலையா?"ன்னு கேட்டா அம்மா.