அக்கா வீடா, ஆஸ்டலா

1936 ஜூனில் மதுரையில் ஒரு கல்லூரியில் சுருளிவேலுக்கு இண்டர்மீடியட் இடம் கிடைத்தது. சின்னமனூரில் வயலை நம்பியிருந்த அவன் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டியவன் அவன் ஒருவன்தான். கல்லூரியிலிருந்து வந்த பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது: மாணவர் விடுதியில் தங்குவாரா, வெளியில் உறவினர் வீட்டிலா? வெள்ளிக்கிழமைத் தபாலில் பதில் போக வேண்டும்.

வெளியில் என்றால் அக்கா வீடுதான். கருத்தம்மாளை மதுரையில் நூல் கடை வைத்திருந்த பால்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருடம். அந்த வாரம் புருஷனோடு ஊருக்கு வந்திருந்தாள். புதன்கிழமை தம்பி கிணற்றடியில் தனியாக இருந்த நேரம் பார்த்து வந்து, ரவிக்கைக் கையை ஏற்றித் தோளைக் காட்டினாள். சூடு போட்ட தடம் இரண்டு. ஒன்று இன்னும் ஆறவில்லை.

“தம்பி, நீ நம்ம வீட்லயே தங்கிப் படி. பெறந்தவன் ஒருத்தன் பக்கத்துல இருந்தா அவுக கொஞ்சம் யோசிப்பாக. மாடி ரூம்பு சும்மாதான் கெடக்கு.”

“அய்யாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். பொறுத்துப் போன்னுட்டாக.”

“யோசிச்சுச் சொல்றேன்க்கா” என்றான்.

அவன் அப்போதே யோசித்து முடித்திருந்தான். விடுதியில் கரண்டு விளக்கு, தனிக் கட்டில், கூடப் படித்தவர்கள் இரண்டு பேர். அந்த வீட்டிலோ, கீழே அக்கா அழும்போது மாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது இறங்கிப் போக வேண்டும். பால்பாண்டிக்கு முன்னால் அவனுக்குக் குரலே எழும்பாது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் இருக்கும்போது அய்யா முத்துக்கருப்பன் கேட்டார்.

“ஏலே சுருளி, எங்கன தங்கப்போற?”

“ஆஸ்டல்லதான்யா. அக்கா வீட்ல எடம் பத்தாது.”

அய்யா மகளைப் பார்த்தார். “ஏத்தா, மாடி ரூம்பு இருக்குல்ல?”

பால்பாண்டியும் அவளைத் திரும்பிப் பார்த்தான். கருத்தம்மாள் கையிலிருந்த சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“இல்லய்யா. அங்கன நூல் மூட்டை அடுக்கியிருக்கு” என்றாள்.

“படிக்கிற பிள்ளைக்கு ஆஸ்டல்தான் சரி மாமா” என்று பால்பாண்டி எழுந்தான். பாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்தான்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தம்மாள் விடுதி வாசலுக்கு வந்தாள். காவல்காரர் வந்து சொன்னபோது சுருளிவேல் சேக்காளிகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். “இல்லைன்னு சொல்லிருங்க” என்றான். அவள் வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

டிசம்பர் விடுமுறைக்கு ரயிலில் தேனி வந்து, பஸ் பிடித்து வீடு சேர்ந்தான். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அக்கா கொல்லையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை.

“அந்தக் காது கேக்காதுடா. அடிச்ச அடியில போயிருச்சு” என்றாள் ஆத்தா. “இந்தப் பக்கமா வந்து பேசு.”

அவன் சுற்றிவந்து உட்கார்ந்தான்.

“படிப்பு கெட்டுப்போயிரும்னுதான்க்கா…”

“ஆஸ்டல்ல சோறு நல்லாருக்கா?”

“இருக்குக்கா.”

“அப்பச் சரி” என்று அடுத்த மொச்சையை எடுத்தாள்.

விடுமுறை முடிந்ததும் அய்யா அவளையும் அவனோடு ரயிலேற்றிவிட்டார். மாப்பிள்ளை கடுதாசி போட்டிருந்தாராம், இனிமேல் கை நீட்ட மாட்டாராம். மதுரையில் வீட்டுக் கதவைப் பால்பாண்டியே திறந்தான்.

“வா மாப்பிள்ளை. ராத்திரி தங்கிட்டுக் காலையில போ.”

கருத்தம்மாள் தம்பியின் முகத்தையே பார்த்தாள். பால்பாண்டி அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான்.

“ஆறு மணிக்கு ஆஸ்டல் கேட்டைப் பூட்டிருவாக மச்சான்” என்றான் சுருளிவேல்.

அப்போது மணி நாலரைதான் ஆகியிருந்தது. அவன் தெருமுனை தாண்டும்வரை வேகமாக நடந்தான்.