காலை ஷிஃப்ட் எடை

ஆக்சிஜன் மாஸ்க்கை இருளாண்டியின் முகத்தில் அழுத்திப் பிடித்தபடி, "தலைமாட்டை ஏத்து, இன்னும் ஏத்து" என்றாள் நர்ஸ் சத்யப்பிரியா.

டெக்னீஷியன் வேல்ராஜ் கட்டிலின் கைப்பிடியைச் சுழற்றினான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதுபோல் இருளாண்டி எழுந்து எழுந்து உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிப்பது போலச் சத்தம்.

சாயல்குடி உப்பளத்து ஆள். ஐம்பது வயது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், காலை ஆறரை மணி பேட்ச். இன்று வேனிலிருந்து அவரைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். எடை மெஷினில் ஏற்றி நிறுத்த வழியே இல்லை.

ஊசியைக் குத்தி, குழாய்களை மாட்டி, டயாலிசிஸ் மெஷினை ஓடவிட்டபின் சத்யப்பிரியா டாக்டர் யோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள். அவர் பரமக்குடியில் இருந்தார். வந்துசேர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

பிரஷர் தொண்ணூறு, நெஞ்சுவலியும் இருக்கிறது என்றாள். அவர் சார்ட்டைக் கேட்டார். போன தடவை வந்தபோது எடை ஐம்பத்து மூன்றரை கிலோ, ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்து ஐம்பத்திரண்டில் அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களும் அப்படியேதான்.

"எடை சரிதானாம்மா?"

"நானே பாத்து எழுதினது டாக்டர். என் ஷிஃப்ட்ல எடை தப்பாது."

"அப்ப இது தண்ணி இல்ல, ஹார்ட். ஒன்றரை லிட்டருக்கு மேல எடுக்காதே, பிரஷர் தாங்காது. நான் வாரேன்."

போனை வைத்துவிட்டு இருளாண்டியின் காலைப் பார்த்தாள். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, விழுந்த குழி எழவில்லை. உடம்பு முழுக்கத் தண்ணீர் என்றது கால். இல்லை என்றது சார்ட். ஹார்ட்டாக இருந்து கூடுதலாக இழுத்தால் ஆள் போய்விடுவார். தண்ணீராக இருந்து இழுக்காவிட்டாலும் அதேதான். எது என்று இந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"தண்ணி குடிச்சீங்களா? எவ்வளவு?"

"சொட்டுக்கூட... இல்ல சிஸ்டர்" என்றார் இருளாண்டி.

பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த காலிதா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழக்கரைக்காரி, கணவர் துபாயில். எப்போதும் ஓயாமல் பேசுகிறவள்.

போன வாரம் மூன்று நாள், இந்த மையத்தின் நர்ஸ்கள் எல்லோரையும் மாடியில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளிகளிடம் கனிவாக நடப்பது எப்படி என்று. யாரோ பெயர் போடாமல் எழுதிய புகார்தான் காரணம். பயிற்சி கொடுக்க வந்த ஹமீதா பானு மேடம் சொன்னது சுலபம்: நின்றுகொண்டு கேட்காதே, உட்கார். முறை சொல்லிக் கூப்பிடு. கையைப் பிடி. கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதே.

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருஷ அனுபவம். முதல் வருஷத்திலேயே, தண்ணீர்க் கட்டுப்பாட்டை மீறித் தர்பூசணி தின்றுவிட்டு வந்த ஒரு பையன் அவள் கண்ணெதிரே மூச்சுத் திணறிச் செத்திருக்கிறான். திட்டினால்தான் இவர்கள் பிழைப்பார்கள் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். எழுந்து நின்று, சார்ட்டுகளை மேடத்தின் மேஜையில் வைத்தாள். இப்போதெல்லாம் மையத்திலேயே காலை ஷிஃப்டில் மட்டும்தான், ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவருக்கும் தண்ணீர் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறுவதில்லை.

"கனிவா இருக்கிறவங்க ஷிஃப்ட்ல நாலு கிலோ ஏறுது மேடம். என் வாய்க்குப் பயந்து இங்கன ஒருத்தரும் டம்ளரைத் தொடுறதில்ல."

மற்ற நர்ஸ்கள் கைதட்டினார்கள். ஹமீதா பானு மட்டும் அந்தச் சார்ட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது வேறு வழியில்லை. சத்யப்பிரியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊசி இல்லாத கையைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது.

"அண்ணே. நான் திட்ட மாட்டேன். உங்க எடை நெசமா எவ்வளவு?"

ஒன்று. இரண்டு. இருளாண்டி நம்பாமல் பார்த்தார். நான்கு. பார்வை ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. ஆறு. மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. ஏழு.

போன் அடித்தது. டாக்டர். அவள் எழுந்தாள்.

அரை நிமிஷம்தான். பிரஷர் இப்போது என்ன, ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார். திரும்பியபோது மாஸ்க்குக்குள் இளஞ்சிவப்பாய் நுரை பொங்கியிருந்தது. அதற்குப்பின் இருளாண்டி பேசவில்லை. அவளும் வேல்ராஜும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். டாக்டர் உள்ளே நுழைந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து. அவர் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

வாசலில் சோலையம்மாள், புருஷனின் துண்டை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் போதவில்லை. ஜன்னலை ஒட்டிக் கிடந்த எடை மெஷினை வேல்ராஜ் ஹாலின் நடுவே இழுத்துவிட்டான். அது அங்கேயே கிடந்தது.

பத்தரைக்குக் காலிதாவின் டயாலிசிஸ் முடிந்தது. போகுமுன் எடை பார்க்க வேண்டும். மெஷினுக்கு முன்னால் வந்தவள் ஏறாமல் நின்றாள்.

"சிஸ்டர், இதைப் பழைய இடத்துலயே போடுங்களேன்."

"எங்கன போட்டா என்ன? ஏறுங்க."

ஏறினாள். காலையில் ஐம்பத்தெட்டு. இரண்டு லிட்டர் எடுத்தாகிவிட்டது. ஐம்பத்தாறு காட்ட வேண்டும். காட்டியது ஐம்பத்தொன்பது.

திட்டுவதற்கு வாய் தானாகத் திறந்தது. சத்யப்பிரியா அதை மூடிக்கொண்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். எண்ணினாள். ஏழு தாண்டியது. எட்டு. ஒன்பது.

"ஜன்னல் விளிம்புல கையை ஊண்டிக்கிட்டா மூணு கிலோ குறைச்சுக் காட்டும்" என்றாள் காலிதா. "எனக்குப் போத்தியிருக்கிற துப்பட்டி கையை மறைச்சிரும். இருளாண்டி அண்ணனுக்குத் தோள்ல துண்டு. காலை பேட்ச் எட்டுப் பேரும் அப்படித்தான் சிஸ்டர். உங்க ஷிஃப்ட்ல மட்டும்."

சத்யப்பிரியா ஜன்னல் விளிம்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு இதெல்லாம் முதல்ல தெரியாது. பெருநாள் முடிஞ்ச வாரம் அவருக்கு நாலு கிலோ ஏறியிருந்துச்சு. உப்பளத்துத் தண்ணி பூராம் ஒன் வயித்துலதான் இருக்கான்னு எல்லாரு முன்னாலயும் கேட்டீங்க. மூஞ்சியில துண்டைப் போட்டுக்கிட்டு நாலு மணி நேரம் அப்படியே படுத்திருந்தாரு. எனக்கு மனசு கேக்கல."

காலிதா மெஷினிலிருந்து இறங்கினாள்.

"அடுத்த தடவை வந்தப்ப, கையை எங்கன ஊண்டணும்னு நாந்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்."