கம்பெனி வேன் நின்ற இடம்

இந்த வருடமும் பிள்ளைகள் சேரவில்லை என்றால் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகள் ஆம்பூர்ப் பள்ளிக்குப் போய்விடும், இங்கே எட்டோடு சரி என்று கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியை பூங்குழலிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெண் பிள்ளைகளை ஆம்பூர் பஸ்ஸில் யார் ஏற்றி அனுப்புவார்கள்? எட்டோடு வீட்டில் உட்காரவைத்து, வயது வந்ததும் ஷூ கம்பெனிக்கு அனுப்புவார்கள். தான் இருக்கும்வரை அது நடக்காது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

வழக்கம்போல மே மாதத்தில் மேளமும் நோட்டீஸுமாக ஆசிரியர்கள் பிள்ளை சேர்க்கக் கிளம்பினார்கள். மசூதித் தெருவுக்கு உருது தெரிந்த சமீருல்லா சார், ஏரிக்கரைத் தெருவுக்குச் செந்தில்குமார் சார் என்று சாமர்த்தியமாகப் பிரித்துக்கொண்டதுதான் மிச்சம். இரண்டு பக்கமும் பூட்டுதான் வரவேற்றது. பாதி சனம் ஊரைவிட்டே போய்விட்டது என்று இருவரும் ஒரே குரலில் வந்து சொன்னார்கள்.

பூங்குழலி நம்பவில்லை. அன்றே தானும் ஒரு நடை போய்ப் பார்த்தாள். ஊரைவிட்டுப் போனவர்கள் ஒரு தெருவில் கோலமும் இன்னொரு தெருவில் ஈரத்துணியுமா விட்டுவிட்டுப் போவார்கள்? மறுநாள் விடிந்ததும் மறுபடி போனாள். இரண்டு தெருப் பெண்களும் சாப்பாட்டுப் பையோடு ஒரே முனையில் கம்பெனி வேனுக்காக நின்றிருந்தார்கள்.

அவர்களில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் மஹ்பூபியின் மகள் அஃப்ஷா ஐந்தாவது முடித்திருந்தாள்; ஆறாவதுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கப்போவதாக மஹ்பூபி சொன்னாள். காசு கட்டி அங்கே ஏன் சேர்க்கிறீர்கள் என்று பூங்குழலி கேட்டாள்.

"ஃபீஸ் கட்ட எங்களுக்கு ஆசையா மேடம்? எங்க வேன் ஏழரைக்கு வந்துடும். உங்க கேட்டு ஒம்போதுக்குத்தான் தொறக்குது. நடுவுல பொம்பளப் புள்ளைய தெருவுலயா வுட்டுட்டுப் போறது? அந்த ஸ்கூல் வேன் ஏழு மணிக்கே வந்து கூட்டினு போய்டுது."

இத்தனை வருடம் இது தெரியாமல் மேளம் அடித்தோமே என்று பூங்குழலிக்கு வெட்கமாக இருந்தது.

"ஜூன்லர்ந்து ஏழு மணிக்கே தொறந்திருக்கும்."

"யாரு தொறப்பாங்க?"

"சாவி என்கிட்டதான் இருக்குது."

பார்க்கலாம் என்று சொல்லி மஹ்பூபி வேன் ஏறிவிட்டாள்.

பள்ளி திறந்த அன்று பூங்குழலி ஏழு மணிக்கு கேட்டருகே நின்றாள். ஏழரை வரை ஒரு பிள்ளையும் வரவில்லை. அப்போது கம்பெனி வேன் தெருமுனையில் நிற்காமல் நேராகப் பள்ளி வாசலுக்கே வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். ஆளுக்கொரு பிள்ளையை இறக்கினார்கள். மஹ்பூபி அஃப்ஷாவின் கையைப் பிடித்து பூங்குழலி கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வேனில் ஏறிக்கொண்டாள்.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒன்பதாம் வகுப்பை ஆம்பூருக்கு எப்போது மாற்றலாம் என்று கேட்டார்கள்.

"பெஞ்சு பத்தல சார்," என்றாள் பூங்குழலி. "மொதல்ல அத அனுப்புங்க."