துண்டு போட்ட நாற்காலி

பேத்தியின் காதுகுத்து அன்று நூம்பலில் உள்ள வீட்டு வாசலில் படத்துக்கு நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும் இவர்கள்: வீட்டுக்குப் பெரியவர் லோகநாதன், அவர் மனைவி கன்னியம்மாள், மகன் ஹேமநாதன், மருமகள் சுலோசனா, லோகநாதனின் தம்பி அழகேசன், அவர் சம்சாரம் தனலட்சுமி, குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் ஜெகன், அந்த மடியில் கத்தித் தீர்த்துக்கொண்டிருந்த குழந்தை. படம் எடுத்தவர் உதயகுமார். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அந்த வீட்டில் படத்துக்கு உட்காருவதில் ஒரு முறை உண்டு. நடுவில் பெரியவர்கள், பக்கத்தில் பிறந்த வரிசைப்படி பிள்ளைகள். வர முடியாதவர் இடத்தை மூடமாட்டார்கள். நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஒரு துண்டைப் போடுவார்கள். அழகேசன் மஸ்கட்டில் இருந்த காலத்தில் எடுத்த படங்களிலெல்லாம் ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும்.

ஹேமநாதனுக்கு மூத்தவள் ஹேமாவதிக்கு மட்டும் துண்டு விழவில்லை. கூட வேலை பார்த்த அபிஷேக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் நின்றபோது, "அப்படின்னா இந்த வாசப்படி உனக்கு இல்ல" என்றார் லோகநாதன். அவளும் அவர் மகள்தானே, திரும்பிப் பார்க்காமல் போனாள். இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் கன்னியம்மாளுக்குப் பக்கத்தில் ஹேமநாதன் நகர்ந்து உட்கார்ந்தான். இடம் மூடிக்கொண்டது. யாரும் எதுவும் பேசவில்லை. பேசுகிற வீடு அல்ல அது.

அன்றும் ஹேமநாதன் வழக்கம்போல அம்மா பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனான்.

"அது அக்கா எடம். தள்ளி உக்காரு" என்றார் லோகநாதன்.

லோகநாதன் எழுந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது மேலதிகாரி முன்னால்கூட அவர் தோளை விட்டு இறங்காத துண்டு அது. அதை உதறி நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டார். வெறும் தோளோடு வந்து உட்கார்ந்தார்.

"எடுப்பா" என்றார் உதயகுமாரைப் பார்த்து.

படம் பென் டிரைவில் வந்ததும் ஹேமநாதன் மெதுவாகச் சொன்னான்: "நைனா, அக்காவுக்கு நானே வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்."

"வெளிய போன்னு சொன்னது நான். அனுப்பறதும் நான்தான் அனுப்பணும்."

மகளின் போன் நம்பர் அவரிடம் இல்லை. தன் காதில் விழக்கூடாது என்று அவரே விலக்கி வைத்தது. ஆனால் ஈமெயில் முகவரி மனப்பாடம். அவள் கல்லூரியில் சேரும்போது வேலப்பன்சாவடி வேம்புலியின் ஜெராக்ஸ் கடையில் அவர் பக்கத்தில் நின்று திறந்து கொடுத்தது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனார்.

வேம்புலி படத்தைத் திறந்தான். அனுப்பிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"பெரியவரே, இன்னா இவ்ளோ பெர்சா கீது? மெயில்ல போவாது. வேணும்னா லிங்க் அனுப்பட்டா? அவங்களே போய் எடுத்துக்குவாங்க."

"சாப்பாடு ஹோட்டல்ல கீது, போய் சாப்ட்டுக்கன்னு சொல்ற மாதிரி. இலை போட்டுப் பரிமாறணும்டா."

"சரி, ரெண்டு பக்கமும் ஓரத்துல கொஞ்சம் வெட்டிடலாம். இந்தாண்ட இவரு, அந்தாண்ட அந்தம்மா…"

"இவரு யாரு தெரியுமா? என் சம்பந்தி வூட்டுப் புள்ள, மடியில என் பேத்தி. அந்தம்மா என் தம்பி சம்சாரம். எங்க குடும்பத்துல ஆளை வெட்ற பழக்கம் கெடையாது."

சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அப்ப சுருக்கிட்றேன்" என்றான் வேம்புலி.

"சுருக்கினா எல்லாரும் இருப்பாங்களா?"

"எல்லாரும் இருப்பாங்க, கொஞ்சம் சின்னதா. எதுக்கு வம்புன்னு நல்லாவே சுருக்கிட்றேன்."

படம் போய்ச் சேர்ந்தது. எழுத எதுவும் உண்டா என்று வேம்புலி கேட்டான். "படமே போதும்" என்றார். துண்டைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் துண்டின் அர்த்தத்தை எழுதிக் காட்டுவதா?

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றார். பதில் வந்திருந்தது. வேம்புலி வாய்விட்டுப் படித்தான்:

"நைனா, படம் வந்தது. முகமெல்லாம் கலங்கலா இருக்கு, பெருசு பண்ணா கட்டம் கட்டமா உடையுது. பாப்பா யார் ஜாடைன்னுகூடத் தெரியல. அம்மா பக்கத்துல, என் இடத்துல, வெள்ளைப் புடவையில யாரோ உக்காந்திருக்காங்களே. யாரு அது?"

லோகநாதன் வேம்புலியின் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார். 'என் இடத்துல' என்ற இடத்தில் விரலை வைத்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் அதை என் இடம் என்றுதான் எழுதுகிறாள்.

"பெருசா கீற படத்தைத் தெற" என்றார்.

திறந்தான்.

"அந்த நாற்காலியைக் கிட்டக் கொண்டா."

நாற்காலி திரை முழுக்க வந்தது. துண்டின் கரை, மடிப்பு, அவர் தோளில் கிடந்து கிடந்து பழுத்த ஓரம், எல்லாம் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அன்று அவர் பார்க்காதது. துண்டின் மேல் கன்னியம்மாளின் கை இருந்தது. லேசாக வைத்த கை அல்ல. யாரோ எழுந்து போய்விடாமல் பிடித்து வைத்த கை.

வீட்டில் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.

"இது மட்டும் போகட்டும். சுருக்காத. மத்ததெல்லாம் வெட்டிடு."

"பெரியவரே, நேத்து இன்னா சொன்ன? ஆளை வெட்ற பழக்கமே இல்லன்னியே!"

"வெட்டுடா."

"அல்லாரும் போய்டுவாங்க. உன் மூஞ்சியும் போய்டும்."

"போகட்டும். நான் இருந்துதான் அவ்ளோ நாள் அந்த எடம் மூடிக் கெடந்தது."

வேம்புலி வெட்டினான். அனுப்பினான். இந்தத் தடவையும் லோகநாதன் எதுவும் எழுதச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கன்னியம்மாளிடம், "உன் கையும் போயிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவள் எங்கே என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அயர்லாந்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: "நைனா, துண்டை எடுத்துடாதீங்க."

வருகிறேன் என்று எழுதவில்லை. எப்போது என்றும் எழுதவில்லை. அந்த நாற்காலி இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது, துண்டோடு. யாரும் உட்காருவதில்லை. லோகநாதன் பூந்தமல்லி சந்தைக்கும் வெறும் தோளோடுதான் போய் வருகிறார். வேறு துண்டு வாங்கவில்லை.

லோகநாதன் சொந்தக்காரர்களையெல்லாம் வெட்டிவிட்டுத் தன் முகத்தை மட்டும் மகளுக்கு அனுப்பினார் என்று வேலப்பன்சாவடியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அந்தப் படத்தில் அவர் இல்லை. அதில் இருந்தது ஒரு நாற்காலி, ஒரு துண்டு, அதன்மேல் கன்னியம்மாளின் கை.